தாம்பூலப் பை கட்டிய கொய்யா மரம்

போன வருஷம் எங்கள் வீட்டுக் கொய்யாவில் எந்தப் பழத்தைப் பிட்டாலும் புழு நெளிந்தது. "இந்த வாட்டியும் புழு வந்துச்சு, மரத்த வெட்டிட்டு வண்டி நிறுத்த எடம் பண்ணிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அந்த மரம் நான் நட்டது.

பிஞ்சிலேயே பை போட்டுக் கட்டினால் ஈ முட்டை வைக்காது என்று போன் வீடியோவில் ஒருவர் காட்டினார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அவர் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை, கை செய்தது புரிந்தது. பைக்கு எங்கே போவது? கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பீரோ மேல் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைப் பிஞ்சுகளுக்கு மாட்டிச் சணலால் கட்டினேன். காய்க்கு மூச்சு முட்டுமோ என்ற பயத்தில், தினமும் ஒரு தடவை எல்லாவற்றையும் அவிழ்த்துக் காற்றுக் காட்டினேன்.

வீடு திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போகிற வழியில். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. வெளியே பார்த்தால் கேட்டுக்குள்ளேயே பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பைகள், ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர். வேண்டுதல் மரம் என்றுதானே நினைப்பார்கள்?

"அண்ணாத்தே, இன்னா வேண்டிகினு கட்டணும்? பொண்ணுக்கு வரன் அமையல" என்றார் ஒரு அம்மா.

"ஐயோ, இது புழுவுக்காகக் கட்டினதும்மா."

அவர் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துத் திரும்பினார். "ஏண்டி, வவுத்துல பூச்சி இருந்தாக்கூட சரியாப் பூடுமாம்டி!"

அடுத்த ஞாயிறு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் பைகளுக்கு நடுவே அவர்கள் பைகளும் ஏறின. ஒன்றைத் திறந்தேன், உள்ளே மஞ்சள் கிழங்கும் வளையலும். யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோகுமோ என்று அப்படியே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. பழுத்த வாசனை மட்டும் தெரு முனை வரைக்கும் வந்தது.

"தள்ளுய்யா" என்று மனைவியே வாசனை பிடித்து ஒரு பையை அவிழ்த்தாள். பழத்தைப் பிட்டாள். வெள்ளை வெளேரென்று ஒரு புழு, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். "யக்கா, மரத்துக்குக் கற்பூரம் காட்டலாமா?"

மனைவி அரிவாளை முதுகுப் பக்கம் மறைத்தாள். மரத்தையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காட்டு, காட்டு. செருப்ப மட்டும் வெளிய உட்டுட்டு வா."