எள் முளைக்கும் வரை

களையெடுக்கும் பெண்களெல்லாம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், எள் விதைக்கும் முன்பே களைக்கொல்லி அடிக்க ஒருவரை வரவழைத்தோம். ஒல்லியானவர், மூக்கை மறைத்துப் பனியன் துணி கட்டியிருந்தார். இடுப்பில் குழந்தையோடு தள்ளி நின்று கேட்டேன்.

“களையைக் கொல்ற மருந்து எள்ளையும் கொல்லாதுங்களா?”

“கொல்லாதுங்க அம்மிணி. தெகிரியமா வெதைங்க.”

விதைத்தபின் அவர் தினமும் காலையில் வந்து, வரப்பில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர்ச் சொம்போடு போய்க் கேட்டேன்.

“ஏனுங்கண்ணா, உங்களுக்கே சந்தேகமுங்களா?”

“பருத்திக்கு அடிச்சிருக்கேனுங்க. எள்ளுக்கு இதுதான் மொதல் தடவை. தூக்கமே வரலீங்க.”

எப்போதும் மற்றவர்கள்தான் எனக்குத் தைரியம் சொல்வார்கள். அன்று நான் சொன்னேன்: “மொளைச்சிருமுங்க. மோர் குடிங்க.”

முளைத்தது. சில இலைகள் சுருண்டிருந்தன, களை இல்லை.

“நீங்க சொன்ன மாதிரியே ஆச்சுங்க” என்று கும்பிட்டார். எதை வைத்துச் சொன்னேன் என்று அந்த நல்ல மனிதர் கேட்கவே இல்லை.