அப்பா எடுத்துக் கொடுத்த முதலடி

வடக்குச் சித்திரை வீதியில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கஷாயம் சொல்வார்கள். அந்தத் தெருவில் என் பக்கத்து வீட்டு யதிராஜன் தம் பயத்தை அத்தனை நாள் மூடி வைத்திருந்தார் என்றால், அந்த மனிதரின் நெஞ்சழுத்தத்தை மெச்சத்தான் வேண்டும்.

கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துக் கொடுக்கும் இடம் யதிராஜன் குடும்பத்துக்கு உரியது. அவருடைய தகப்பனார் ஒரு மார்கழித் திருநாளில், ஒரு பாசுரத்தின் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த இடம் பிள்ளைக்கு வந்தது.

மற்றப் பாசுரங்களை யதிராஜன் தங்குதடை இல்லாமல் சேவிப்பார். அந்த ஒன்று வந்தால் மட்டும் உள்ளங்கை சில்லிட்டு, நெஞ்சு படபடத்து, தொண்டை இறுகிவிடும். பக்கத்தில் இருப்பவர் எப்படியோ சமாளித்து எடுத்துவிடுவார். போகப் போக, ஐப்பசி பிறந்தாலே அவருக்குத் தூக்கமும் சோறும் போய்விட்டன. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒருவர் அதிமதுரம் சொன்னார், ஒருவர் கண்ணேறு என்றார். கோஷ்டிக்குப் பெரியவரான சக்ரபாணி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த மார்கழியும் தடுமாறினா நீ கடைசி வரிசைக்குப் போயிடு. பெருமாள் முன்னாடி விளையாட்டு வேண்டாம்."

தகப்பனார் உட்கார்ந்த இடம் கைவிட்டுப் போவதா? யதிராஜன் யாருக்கும் சொல்லாமல் பாலக்கரைக்குப் போனார். அங்கே அருள்நாதன் என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் கொட்டகையில் மெஸ்மெரிசம் காட்டியவர்; பிற்பாடு வேடிக்கையை விட்டுவிட்டு, பயத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மனோவசிய சிகிச்சை செய்துவந்தார். திருமண்ணும் பஞ்சகச்சமுமாக அவர் வீட்டுப் படியேறவே தனித் தைரியம் வேண்டும்.

அருள்நாதன் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். "மூச்சை மெதுவா விடுங்க சாமி. கண்ணு கனக்குது, தானா மூடிக்குது. யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்குப் பயம் இருக்காது?"

"அப்பா."

"அப்ப சரி. அந்த இடம் வரும்போது அப்பா பக்கத்துல நிப்பாரு. அவரே எடுத்துக் கொடுப்பாரு. நீங்க வாயை மட்டும் திறங்க."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நாலைந்து முறை போனதில் தூக்கம் திரும்பியது, முகம் தெளிந்தது. ஆனால் மருந்து பலித்ததா என்று பார்க்க வழியில்லை. திருக்கார்த்திகை கழிந்தால் மார்கழித் திருநாள் வரைக்கும் எங்களவர்கள் பாசுரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அது விலக்குக் காலம்.

திருநாள் வந்தது. நான் தூணோரம் நின்றிருந்தேன். அந்தப் பாசுரத்துக்கு யதிராஜன் வாயைத் திறந்தார். வந்தது அவர் குரல் அல்ல. மூக்கால் சற்று இழுத்து, கடைசி அசையை அழுத்துகிற, செத்துப்போன அவர் தகப்பனாரின் குரல். கோஷ்டி சேர்ந்துகொள்ள மறந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. பெண்கள் பக்கத்தில் யதிராஜனின் தாயார் செண்பகவல்லி அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

அடுத்த அடியிலிருந்து அவர் குரல் அவருக்கு வந்துவிட்டது. மறுவருஷமும் அந்த முதலடிக்கு மட்டும் அப்பா வந்தார். அதைக் கேட்கவே கூட்டம் கூடியது. யதிராஜனுக்கு இப்போது பயம் இல்லை. ஆனால், "கோபு, என் வாயை இன்னொருத்தருக்குக் குடக்கூலிக்கு விட்டாப்பல இருக்கு" என்றார் என்னிடம். இரண்டு பேருமாக அருள்நாதனிடம் போனோம்.

"அந்தக் குரலை எடுத்துடலாம் சாமி. ஒரு தடவை உக்காந்தா போதும்" என்றார் அவர். "ஆனா போனா போனதுதான். யோசிச்சு வாங்க."

யதிராஜன் வீட்டில் தாயாரிடம் சொன்னார். அம்மாள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உன் இஷ்டம்டா. வர மார்கழி மட்டும் ஆகட்டுமே" என்றாள்.

ஒவ்வொரு வருஷமும் அம்மாள் அதையேதான் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் இவரும் தலையாட்டினார். நான் எரிந்து விழுந்தால், "வருஷத்துக்கு ஒரு அடி. அம்மாவுக்கு அவ்வளவுதானேடா மிச்சம்" என்பார்.

யுத்த காலத்தில் ஒரு கார்த்திகைக் கடைசி. அம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். மத்தியானம் நான் பார்க்கப் போயிருந்தபோது பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த அடியைச் சொல்லேன்."

"விலக்குக் காலம்மா."

அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசாரத்தில் மயிரிழை பிசகாத மனிதர் வாயைத் திறந்தார். திறந்தபடியே அப்பாவுக்காகக் காத்திருந்தார். அப்பா வரவில்லை. பழைய பயம்தான் வந்தது. அந்தப் பயத்தோடேயே, பிசிறடிக்கிற தம் சொந்தக் குரலில் அடியைச் சொல்லி முடித்தார். தோற்றுப்போன முகத்தோடு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேளா?" என்றாள். பிள்ளையிடம் அவள் ஒருநாளும் அப்படி மரியாதை வைத்துப் பேசியதில்லை.

யதிராஜன் அவள் கையைத் தம் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "வந்துட்டேன்" என்றார்.