இடது பக்கம் மட்டும் இறுகும் ஸ்டீரிங்

மகள் ஓட்டும் காரை இன்று சனத்நகர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். வாரண்டி இந்த மாதத்தோடு முடிகிறது.

“திருப்பும்போது ஸ்டீரிங் இறுகுதுப்பா” என்று தொடங்கினேன்.

சர்வீஸ் அட்வைசர் செகந்திராபாத் தமிழ்ப் பையன். “லெஃப்ட்ல மட்டும்தானே அங்கிள்? ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி ஆகுமே?”

“ஆமா. நிறைய பேருக்கு வருதா?”

“சேச்சே! இப்படி ஒரு கம்ப்ளைன்ட் இப்பதான் முதல்முதலா கேக்குறேன்.”

“சரி, கம்பெனி கோளாறுன்னு எழுதிக் கொடு.”

“நக்கோ, வேணாம் அங்கிள்! உங்களுக்கு எழுதினா எல்லாருக்கும் ஃப்ரீயா மாத்தணும்.”

யாருக்குமே வராத கோளாறை எல்லாருக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் ‘ஓட்டுபவரின் பழக்கம்’ என்று எழுதிக் கொடுத்தான்.

மகள் நாளை வேலைக்குப் போக வேண்டும். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து மெட்டுகுடாவுக்கு இடது பக்கம் திரும்பாமலே போகும் வழி தெரிந்த நண்பர்கள் சொல்லவும்.