அவள் எழுதிய அவன் கடிதங்கள்

மருந்துக்கடையில் அவளுக்கு 'அச்சு' என்றுதான் பெயர். அச்சடித்தது போன்ற கையெழுத்து. மாத்திரை உறையின் மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று அவள் எழுதிக் கொடுத்தால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும் என்று கேலி செய்வார் கடைக்காரர்.

அந்தக் கையெழுத்தே அவளுக்கு விலங்காகும் என்று யார் கண்டார்கள்?

வெளிநாடு போன கணவன் இரண்டே கடிதம் எழுதினான். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற செய்தி பிறகு வந்தது. அது அவளுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் மட்டுமே தெரியும். மகனிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று படுத்த மாமியார், சாப்பாட்டையும் தொடவில்லை, மாத்திரையையும் தொடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்காக மூன்றாவது கடிதத்தை இவளே எழுதி, பழைய உறையில் போட்டுப் படித்துக் காட்டினாள். மாமியார் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான்கு வருடம் ஓடிவிட்டது. 'என் மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள் அம்மா' என்று, தன்னைக் கைவிட்டவன் பெயரில் மாதந்தோறும் அவளே எழுதினாள். எழுதும்போதெல்லாம் அந்த ஒரு வரியில் கண் கலங்கும்.

போன வாரம் அண்ணன் வந்தான். தன் ஊர் மருந்துக்கடையில் அவளுக்கு வேலையும் தங்க ஓர் அறையும் பேசி முடித்திருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு உன் புருஷன் பேர்ல நீயே கை வலிக்க எழுதுவ? அத்தையப் பார்த்துக்க அவங்க பொண்ணு அடுத்த தெருவுலதானே இருக்கா."

"அவர் சொன்னாத்தான் அத்தை விடுவாங்கண்ணே."

"அப்போ அவரையே சொல்ல வை. பேனா உன் கையிலதானே இருக்கு?"

மறுநாள், தபால் வந்ததாகச் சொல்லி மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்து படித்தாள்: 'அம்மா, அவளை அவள் அண்ணனோடு அனுப்பி வை. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.'

மாமியார் சிரித்தாள். "அம்மாவ விட்டுட்டுப் போன்னு சொல்ற பிள்ளையா அவன்? ஏதோ கோவத்துல எழுதிட்டான். பேப்பர எடும்மா, நான் சொல்றத எழுது."

எடுத்தாள்.

"அவ எங்கேயும் வரமாட்டா. இன்னொரு தடவை அனுப்புன்னு எழுதினா, நான் சாப்பிடமாட்டேன், மாத்திரை போடமாட்டேன். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"படி."

படித்தாள்.

"அட்ரஸ எழுதி இன்னைக்கே போட்டுடு."

அவன் என்றோ காலி செய்துவிட்டுப் போன வீட்டின் முகவரியை, ஓர் எழுத்துகூடச் சாயாமல் எழுதினாள். அவளுடைய பெட்டியோடு வாசலில் காத்திருந்த அண்ணன், சத்தமில்லாமல் அதை உள்ளே கொண்டுவந்து வைத்தான்.