பதினான்குக்குப் பக்கத்தில் மேபலின் பெயர்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் படித்த தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. அப்போது முந்நூறு பேர். இன்று வரவு இடாப்பில் அறுபத்தொரு பெயர்கள். கனடாவுக்குப் போனவர்கள், வத்தளைக்கு வீடு மாறியவர்கள், பிள்ளைகளை இன்ரநெஷனல் பாடசாலைக்கு மாற்றியவர்கள் போக மிஞ்சியவர்கள் இவர்கள். ஐம்பதுக்குக் குறைந்தால் மூடிவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் பெரிய பாடசாலைக்குப் போகவேண்டும்.

மேபல் அங்கே சிற்றூழியர். வாசலைத் திறப்பார், மணி அடிப்பார், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். துறைமுகத்தில் வேலை செய்த கணவர் கொன்ஸ்ரன்ரைன் இறந்து எட்டு வருடம். ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து மாதம். மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து வெல்லக்கூடியவர். ஆனால் ஒரு சிங்கள எழுத்தும் வாசிக்க வராது. கொழும்பில் இப்படி எத்தனையோ பேர்.

ஜூன் பன்னிரண்டாம் திகதி மத்தியானம் கல்வி அலுவலகத்திலிருந்து சிங்களக் கடிதமொன்று வந்தது. அதிபர் றேணுகா பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். மேபல் கடிதத்தை அவருடைய மேசையில் வைத்துவிட்டு மணி அடித்தார். மறுநாள் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். பாதைகள் மூடப்படும், கிறிஸ்தவப் பிள்ளை, சைவப் பிள்ளை என்றில்லாமல் எல்லோரும் கோயிலடியில்தான் நிற்பார்கள். வழக்கம்போல வாசலில் நின்று சொன்னார்: "நாளைக்கு ஒருத்தரும் வரத் தேவல்ல. எனக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க."

கடிதத்தில் இருந்தது: நாளை காலை மாணவர் கணக்கெடுப்பு.

காலையில் ஸஹாப்தீன் என்ற அதிகாரி வந்தபோது, சொன்னதைக் கேட்காமல் வந்த பதினான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். அடுத்து நடந்ததை றேணுகா மிஸ் எனக்குச் சொன்னார்.

"இடாப்புல அறுபத்தொண்டு, வகுப்புல பதினாலா? மத்தப் பேரெல்லாம் சும்மா எழுதினதா மிஸ்?"

மேபல் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "சேர், அந்தப் பதினாலுக்குப் பக்கத்துல என்ட பேரையும் எழுதுங்க. பிள்ளைகள வரவேணாம்னு சொன்னது நான்."

"நீங்களா? கூட்டுற ஆளுக்கு ஸ்கூல் லீவு குடுக்க ஏலுமா?"

"முப்பது வருஷமா இந்தத் திருநாளுக்கு நான்தான் குடுக்கிறன். இன்டைக்குத்தான் ஒருத்தர் கேக்கிறீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "திகதி நான் போட்டதில்ல. இந்த ஃபோர்ம்ல காரணம் எழுத இடமுமில்ல."

"அப்ப நான் வேற கடதாசியில எழுதுறன்."

அன்று பின்னேரம் மேபல் என் வீட்டுக்கு வந்தார். நான் பம்பலப்பிட்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு மொழியிலும் எழுதுவேன். றேணுகா மிஸ்ஸும் கூடவே வந்திருந்தார், அவரைத் தடுக்க.

"மேபல், நீங்களே குற்றத்த ஒத்துக்கொண்டா பென்ஷனுக்குக் கைவைப்பாங்க. பேசாம இருங்க, நான் பாத்துக்கொள்றன்."

"என்னத்தப் பாக்கிறது மிஸ்? காரணம் இல்லாட்டி உங்களக் கள்ளி எண்டுவாங்க, ஸ்கூலப் பூட்டுவாங்க. அடுத்த ஒழுங்கைப் பள்ளிக்கூடத்தப் பூட்டினப்ப ஒம்பது பிள்ளை படிப்ப விட்டுச்சு. ஒம்பது வீடும் எனக்குத் தெரியும். மேரிட மகள் இப்ப புடவைக்கடையில நிக்கிறா. பதின்மூணு வயசு."

பிறகு என்னைப் பார்த்தார். "எழுது பிள்ளை. முதல்ல தமிழ்ல. கீழ சிங்களத்துல."

"சிங்களத்தை மேல போட்டா அவங்க லேசா வாசிப்பாங்க அன்டி."

"தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சிங்களத்துல மட்டும் அனுப்பினவங்கதானே? கொஞ்சம் கஷ்டப்பட்டு வாசிக்கட்டும். அதையும் எழுது. பாவம் பாத்து எழுதாத."

எழுதினேன். தாழ்மையுடன் என்ற சொல்லை இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மறு கணக்கெடுப்புக்குத் திகதி கொடுத்தார்கள். முதல்நாள் மேபல் அறுபத்தொரு வீட்டுக்கும் நடந்தார். எண்ணும் நாளன்று கொட்டும் மழை. முழங்கால் தண்ணீரில் ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். ஸஹாப்தீன் இரண்டு தரம் எண்ணினார்.

"இன்னொருக்கா எண்ணுங்க சேர்," என்றார் மேபல் வாசலில் நின்று. "ஒருத்தரும் ஓடமாட்டாங்க. வாசல் சாவி என்கிட்டத்தான்."

"போதும், போதும். ஐம்பத்தேழுதான்."

இந்த வருடம் மூடமாட்டார்கள். அடுத்த வருடம் திரும்பவும் எண்ணுவார்களாம்.

போன கிழமை மேபலின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதிகாரமின்றி மாணவருக்கு விடுமுறை வழங்கியமைக்குப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும். முழுக்கத் தமிழில் இருந்தது. மேபல் அதை வாசலில் நின்று சத்தமாக, ஒரு சொல்லும் விடாமல் தானே வாசித்தார்.

பிறகு எனக்கு ஃபோன் எடுத்தார். "பிள்ளை, பேனையக் கொண்டு வா. நான் வாசிக்கக்கூடிய மாதிரி அனுப்பியிருக்காங்க. இப்ப பதில் சொல்லத்தானே வேணும்."