வில்லனுக்கு என் வீட்டுக்காரர் பெயர்

என் மகள் தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, "செத்துத் தொலை!" என்று ஆங்கிலத்தில் கத்தியபோது நான் குக்கருக்கு வெயிட் போடப் போயிருந்தேன். வெயிட்டைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு ஓடினேன். அவளுடைய அப்பா அங்கே இல்லை. அவர் வழக்கம்போல ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் கொம்பு வைத்துக் கறுப்புக் கவசம் போட்ட ஓர் ஆளை வாளால் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த ஆளின் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் என் வீட்டுக்காரரின் பெயர் மின்னியது.

"அம்மா, கேம்ல வர்ற வில்லன். நேம் மட்டும்தான் சேம்," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அதற்குள் கீழே பருப்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னை யாரும் கட்டிப்போடவில்லை. நானும் படித்து வேலைக்குப் போகிறவள்தான். ஆனால் நாக்கு வராது, "என்னங்க"தான் வரும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் பேசும்போது மட்டும் அதே பெயரை என் லாஸ்ட் நேம் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லுவேன். ஊரில் ஓர் எழுத்து இனிஷியலாக அடங்கிக் கிடந்த பெயர், அமெரிக்கா வந்ததும் முழுசாக விரிந்து எனக்கும் மகளுக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டது. போனில் சொல்வது என் பெயர், அவர் பெயர் இல்லை. அப்படி ஒரு நியாயம் எனக்கு.

புராணத்தில் வரும் ஓர் அசுரனின் பெயர் அது. சென்னையில் படித்த காலத்தில் ஆசிரியர்கள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். நோஞ்சானாக ஒருவன் எழுந்து நிற்பானாம். வகுப்பே சிரிக்குமாம். இதை அவர் எனக்குக் கல்யாணமான புதிதில் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோயிலில்தான் இன்னும் மோசம். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால், நட்சத்திரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, பெயருக்கு மட்டும் சாதுவான ஒரு சாமி பெயரைச் சொல்லிவிடுவார். கேட்டி என்கிற இந்த ஊரில் வீடு வாங்கியதிலிருந்து ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம். எங்கள் தலையைப் பார்த்தாலே குருக்கள் அந்தச் சாதுப் பெயரை ஆரம்பித்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

"அப்ப அந்த அர்ச்சனை யாருக்குங்க போய்ச் சேரும்?" என்று ஒரு தடவை பார்க்கிங்கில் வைத்துச் சண்டை போட்டேன்.

"சாமிக்கு ஆளைத் தெரியாதா? விடு," என்றார்.

விட்டேன். ஆனால் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியபோது, பெயர் மாற்றம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று போட்டு, அந்தக் கோயில் பெயரையே புதுப் பெயராக எழுதிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க பாட்டுக்கு மாத்திட்டுப் போயிடுவீங்க. நானும் பொண்ணும் யார் பேரைத் தூக்கிட்டுத் திரியறது?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல, ஸ்கூல்ல எல்லாம் அந்தப் பேரோட நின்னது நான்தானே?" என்றார். இன்டர்வியூவுக்குக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் கொம்பு வைத்த வில்லன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான்.

மகளுக்குக் கதாநாயகர்களைப் பிடிக்காது. எல்லாரும் ஒரே மாதிரி தாடை வைத்திருக்கிறார்கள் என்பாள். டேப்லெட்டில் அவள் வரைவதெல்லாம் வில்லன்களைத்தான். தனக்குப் பிடித்த கேமில் வருகிறவர்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைந்து இணையத்தில் போடுவாள். ஃபேன் ஆர்ட் என்று அதற்குப் பெயராம். இந்த வில்லனுக்கு அப்பா பெயர் என்றதும் விடுவாளா? கொம்புக்கு நடுவே வைக்கோல் தொப்பி மாட்டிக்கொண்டு வில்லன் புல்வெட்டினான். இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தான். கவசத்துக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, நான் அடுக்கிய டிஷ்வாஷரைப் பிரித்து மறுபடி அடுக்கினான். கடைசிப் படத்தைப் பார்த்து நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "தொப்பை இவ்வளவு இல்லை," என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள். கேமைப் பற்றிய ஏதோ ஒரு பக்கத்தில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று போட்டிருந்தார்களாம். பழைய இந்தியக் கதையில் வரும் அரக்கனாம். "தாத்தா ஏன் உங்களுக்கு டீமன் பேர் வெச்சார்?"

"உங்க தாத்தா கறுப்புச் சட்டைக்காரர்மா. பிள்ளைக்குச் சாமி பேர் வெக்கக் கூடாதுன்னு கொள்கை. அதுக்கு நான்தான் கிடைச்சேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

மகள் அதோடு விடவில்லை. சனிக்கிழமை காலையில் தாம்பரத்துக்கு வீடியோ கால் போட்டாள். மாமனார் அங்கே மைத்துனர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் புல்வெட்டும் வில்லனைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "தாத்தா, ஏன் அப்பாக்கு பேட் கை பேர்?" என்றாள்.

"கெட்டவனா? யார் சொன்னா?" மாமனார் போனை முகத்தருகே கொண்டுபோனார். திரை முழுக்க அவர் மூக்குதான் தெரிந்தது. "அவன் வண்டி ஓட்டலைன்னா உங்கப்பன் எங்க பொறந்திருப்பான்?"

அப்புறம் சொன்னார். அப்போது அவர் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆண்டு விழாவுக்கு நாடகம். ஒத்திகையைப் பார்க்க என் மாமியார் நிறைமாதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே வலி எடுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி பக்கத்து டவுனில். பள்ளிக்கூட முதலாளியின் அம்பாசிடர் வாசலில் நிற்கிறது, டிரைவர் லீவு. அங்கே கார் ஓட்டத் தெரிந்தவர் டிரில் மாஸ்டர் ஒருவர்தான். அவர் அந்தப் பெயருள்ள அசுரன் வேஷத்தில், முகமெல்லாம் பச்சைச் சாயத்தோடு மேடையில் நிற்கிறார். வேஷம் கலைக்க நேரமில்லை. கிரீடம் காரின் கூரையில் இடித்ததால், அதைக் கழற்றிப் பின்சீட்டில் இருந்த மாமியாரின் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரில அந்தக் கோலத்தைப் பார்த்துட்டு எல்லாரும் ஓரமா ஒதுங்கிட்டாங்க. அதான் சீக்கிரம் உள்ள கூட்டிட்டுப் போக முடிஞ்சுது," என்று மாமனார் சிரித்தார். "மாஸ்டர் பேரையே வெப்போம்னு நான் சொன்னேன். உங்க பாட்டி ஒத்துக்கலை. அன்னிக்கு வண்டி ஓட்டினது மாஸ்டர் இல்ல, அசுரன்தான்னுட்டா. கொள்கை என்னோடதுதான். பேர் அவ வெச்சது."

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "ஏம்ப்பா, இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையேப்பா. நீயாவே கொள்கை, கொள்கைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தே. எனக்கும் கேக்கப் பெருமையா இருந்துது, விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரு வீட்டில் வளைய வந்திருக்கிறார்கள், இத்தனை வருஷத்தில் ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவில்லை. இரண்டு பேரையும் நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவருடைய அம்மா தவறிப்போய் வெகுநாளாகிவிட்டது.

அன்று மத்தியானமே மகள் அடுத்த படத்தை ஆரம்பித்தாள். அவள் அம்பாசிடரைக் கண்ணால் கண்டதில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் வரைந்தாள். சும்மா எட்டிப்பார்த்த அவள் அப்பா, "ரைட்ல வரும்மா," என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே சீட்டாக இருக்கும், கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் தட்டில் வடையை வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனபோது ஆறிக் கிடந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

முடிந்த படத்தில், கொம்பு வைத்த வில்லன் அம்பாசிடரைக் குனிந்து ஓட்டுகிறான். நெற்றியில் வேர்வை, கண்ணில் பயம். பின்சீட்டில் புடவை கட்டிய பெண் ஒருத்தி, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கிரீடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அந்த முகத்தை வரைந்திருக்கிறாள். என் மாமியாரேதான். அந்தப் பெயர் வந்த கதையையும் கீழே நாலு வரியில் எழுதிப் போட்டாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர், இனிமேல் தன்னால் இந்த வில்லனை வெட்ட முடியாது என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதை என்னிடம் இரண்டு தடவை படித்துக்காட்டினார்.

ஆனால் பெயர் மாற்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். குருக்கள் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல அந்தச் சாதுப் பெயரை ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"சாமி, அது என் பேர் இல்லை."

குருக்கள் திகைத்துப்போனார். "இத்தனை வருஷமா இதைத்தானே சொல்லிண்டிருக்கேன்?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சந்நிதியில் நின்று அந்தப் பெயரை அவர் சொன்னதே இல்லை. என்னைப் பார்த்தார். "நீ சொல்லேன்," என்றார்.

நான் சொன்னேன். எழுத்தெழுத்தாக இல்லை, லாஸ்ட் நேமாக இல்லை. முதல்முறையாக அவருடைய பெயராகச் சொன்னேன். மகள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். குருக்கள் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, அந்தப் பெயரை நீட்டி முழக்கி, நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். பெயர் அந்த இடத்தில் ரொம்ப நன்றாக இருந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "நாளைக்கு ஆபீசர்கிட்ட நேம் சேஞ்ச் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லாட்டி வீட்டுக்கு வராதீங்க," என்றேன்.

இத்தனை வருஷமாக யாரோ ஓர் ஆளுக்குப் போய்க்கொண்டிருந்த அர்ச்சனை, அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு ஆளுக்கு வந்து சேர்ந்தது.