சனிக்கிழமை கொடுத்த கடுகெண்ணெய்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் பொறுமையையும் கைமணத்தையும் மற்றவர்கள் எழுதுவார்கள். தம்பி என்ற உரிமையில், உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கோவில்பட்டியில். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை நிறுத்திவிட்டு எங்களை வளர்த்தார். அத்தானைக் கைப்பிடித்து டெல்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புக்கு வந்தார். எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் நானும் அந்த இரண்டு அறை வீட்டில்தான் ஒண்டிக்கொண்டேன். வந்த புதிதில் கடுகெண்ணெய் வாடை பட்டாலே முந்தானையால் மூக்கை மூடிய அக்கா, நாங்கள் பாபிஜி, அதாவது அண்ணி, என்று அழைத்த கீழ்வீட்டு வடநாட்டம்மாவோடு பழகி, எண்ணெயைப் புகைய விட்டு ஆறவைத்துச் சமைக்கும் பக்குவத்தைக் கற்றுக்கொண்டார். அவர் வறுத்த கத்திரிக்காயில் நல்லெண்ணெயை மறந்தவன் நான். "டெல்லிக்காரியாவே ஆயிட்டியே" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அத்தானுக்கு ஏழரைச் சனி நடந்தபோது பாபிஜி இந்த ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை காலையில் ஒருவர், எண்ணெய் வாளிக்குள் சனி பகவானின் தகட்டு உருவத்தை நிறுத்தி வீடு வீடாக வருவார். நாம் கிண்ணத்தில் கடுகெண்ணெய் ஊற்றி, அதில் முகம் பார்த்து, அவர் வாளியில் கொட்டிவிட வேண்டும். பீடை அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. அக்கா ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் அந்தப் பயம் வந்தது. கடுகெண்ணெயில், நம் ஊர்த் தரிசில் மஞ்சளாகப் பூக்குமே, அந்தப் பிரம்மதண்டின் விதையெண்ணெய் கலந்துவிட்டது என்றார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது, சிலர் இறந்தும் போனார்கள். எங்கள் வரிசையிலேயே ஒரு பெரியவரின் காலைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் சில்லறையாக வாங்கிய எண்ணெய் அரை டப்பா மிச்சமிருந்தது. அக்கா அதை அடுப்பருகே கொண்டுபோகவில்லை. கீழே கொட்டவும் மனம் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை.

"கோயில் விளக்குக்காவது போகட்டும்ல" என்றார்.

நம் பக்கத்தில் சனீஸ்வரனுக்குக் கொடுக்கும் எண்ணெய் விளக்கில்தானே எரியும்? எனக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. அன்று வாளிக்காரர் வாசலில் காத்து நிற்க, அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் கிண்ணத்துக்குள் குனிந்திருந்தார். "ஏலே, அந்த லைட்டப் போடு" என்றார். போட்டேன். பிறகு டப்பாவில் இருந்ததையும் சேர்த்து வாளியில் கவிழ்த்துவிட்டார்.

மாலையில் இதைக் கேட்ட பாபிஜி தலையில் கைவைத்துக்கொண்டார். "விளக்கா? அரே, அந்த வாளிக்காரங்க வீட்ல அதுலதான் சப்ஜி பண்ணுவாங்க" என்றார் இந்தியில்.

அடுத்த சனிக்கிழமை வாளிக்காரர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்கா என்னை இழுத்துக்கொண்டு மார்க்கெட்டிலும் ரயில் பாதையோரக் குடிசைகளிலும் தேடினார். வாளியோடு வந்த இன்னொருவர், "அவனா? கால் வீங்கி ஊருக்குப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெயர்கூடத் தெரியாத மனிதரைப் பற்றி அதற்குமேல் யாரிடம் விசாரிப்பது?

"நான் கொன்னுட்டேன்ல தம்பி" என்றார் அக்கா, பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் நடுவில்.

அதன்பின் கடுகெண்ணெய் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் சில சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் அந்த நெடி இருக்கும். படியில் வாளிக் கைப்பிடியின் ஓசை கேட்டு அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறப்பார், யாரும் இருக்கமாட்டார்கள். பிரமை என்று அத்தானும் நானும் பேசிக்கொண்டோம். ஒருநாள் அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது எனக்கே கேட்டது. போய்த் திறந்தேன். ஆளில்லை, நிலைப்படிக்கு வெளியே உள்ளங்கையளவு எண்ணெய் பிசுபிசுத்துக் கிடந்தது. அக்கா வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

இதயம் பலவீனமாகி, கடைசி மாதங்களில் அக்காவின் கால்கள் வீங்கின. அதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொன்னார். அக்கா கேட்கவில்லை. தன் காலைத் தானே அழுத்தி, "அவனுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்" என்பார். அக்கா போனது ஒரு புதன்கிழமை. சனிப் பிணம் துணை தேடும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த சனிக்கிழமை, வாசலில் "ஜெய் சனி தேவ்" என்று குரல் கேட்டது. அக்காவின் மகள் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தாலும் எனக்கு ஆள் தெரிந்தது. மாலை போட்ட படத்தைப் பார்த்தவுடன் அவர் பின்வாங்கிப் படியில் இறங்கினார்.

"இவங்க இப்பத்தான் போனாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவரே சொன்னார்.

"சர்க்கார் வீடு, ஆள் மாறியிருக்கும்னுதான் பாபுஜி வந்தேன். அன்னிக்கு இவங்க குனிஞ்சு பாத்தப்ப நானும் கிண்ணத்துல பாத்தேன். கதவு தெரிஞ்சது. நீங்க போட்ட பல்பு தெரிஞ்சது. இவங்க முகம் மட்டும் இல்ல. முகம் விழலேன்னா ஆளு ரொம்ப நாள் இருக்கமாட்டாங்கன்னு சொல்வாங்க. முகம் விழாத எண்ணெய வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அத்தனையையும் சாக்கடைல கொட்டிட்டு, பயந்து இந்தப் பக்கமே வரல."

"கால் வீங்கினதா சொன்னாங்களே?"

"அது என் பங்காளி. வேற ஆளு."

நான் இதை நம்புகிறேனா என்று யாரும் கேட்காதீர்கள். அந்த எண்ணெயை ஒருவரும் சாப்பிடவில்லை, அது மட்டும் எனக்குப் போதும். அத்தானுக்குப் போதவில்லை. படத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, காது கேளாதவரிடம் சொல்வதைப் போல உரக்கச் சொன்னார்: "இந்தா, அவன் உசுரோடதான் இருக்கான். கேட்டுச்சா?" அக்காவின் மகள் அழுதாள். எனக்கு அக்காமேல் கோபம் வந்தது, இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா என்று.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த அண்டை வீட்டார், அக்காவின் காலைப் பிடித்துவிட்ட பாபிஜி, ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் கேட்க இந்த முறையும் நாங்கள் மறந்துபோன அந்தச் சனிக்கிழமைக்காரருக்கும் எங்கள் நன்றி, சாகாமல் இருந்ததற்காக.